ஐயா பிறந்த வருஷம்

அண்ணன் போனில் கூப்பிட்டபோது நான் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மருந்துக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தேன். சாப்பிட்டாயா, எப்படி இருக்கிறாய் என்ற விசாரிப்பெல்லாம் இல்லை.

"அம்மிணி, ஐயா பொறந்த வருஷம் எதுன்னு சொல்லு. கல்லுல எழுத்து வெட்டறவங்க கேக்கறாங்க."

"எனக்கு எப்படிங்கண்ணா தெரியும்?"

"நீதான சரித்திரம் சொல்லிக் குடுக்கறே? உனக்கே தெரியாட்டி வேற யாருக்குத் தெரியும்?"

மழை இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி அப்போதைக்குத் தப்பித்தேன். ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கிறார். அவருடைய வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி வடக்கே எங்கெங்கோ போய் பூமியைத் துளைத்துவிட்டு மழைக்காலத்தில் ஊர் திரும்பும். எத்தனை அடி, தண்ணீர் உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில் பதில் வேண்டும் அவருக்கு. மடத்துத் திருப்பணிக் குழுவுக்குத் தலைவரான பிறகு ஐயாவைப் பற்றியும் அதே தோரணையில்தான் கேட்டார்.

ஐயா என்பவர் எங்கள் நெறியை ஏற்படுத்தியவர். அவருக்கு ஒரு பெயர் உண்டு, ஆனால் அதைச் சொல்லும் வழக்கம் கிடையாது. திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே சில ஊர்களிலும், கிழக்கே ஆத்தூர்ப் பக்கம் சில ஊர்களிலும் மட்டும் இருக்கிற சின்னக் கூட்டம் நாங்கள். எங்கள் மடத்தில் சிலை இல்லை, பலி இல்லை. அமாவாசைக்குக் கூடிப் பாடுவோம். பிறகு எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கம்பஞ்சோறு சாப்பிடுவோம். ஐயா ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தார், கைத்தடியால் தட்டி ஊற்றுக் காட்டினார், நிலம் வைத்திருந்தவர்களையும் அவர்களிடம் பண்ணையாளாக இருந்தவர்களையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார், கடைசியில் ஒரு குழிக்குள் உட்கார்ந்து மண்ணைத் தள்ளி மூடச் சொன்னார். எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை இவ்வளவுதான். அந்தக் குழியின் மேல்தான் மடம் நிற்கிறது.

மடத்துச் சுவரில் ஐயாவின் வரலாற்றைக் கருங்கல்லில் பொறித்துப் பதிக்கப்போகிறார்கள். அதற்குத்தான் வருஷம். நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். அரசர்களையும் போர்களையும் ஆதாரம் கேட்டுத் துருவுகிற நான், ஐயாவைப் பற்றி மட்டும் அதுவரை எதையும் கேட்டதில்லை. இப்போது வருஷம் சொல்லவேண்டும் என்றால், அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அப்படி ஒருவர் இருந்தாரா?

கல்லூரியில் இதை ஒருவரிடம்தான் சொன்னேன். வேதியியல் துறையில் இருப்பவர், ஆத்தூர்க்காரர். எங்கள் நெறியில் பிறந்து வளர்ந்து, கடவுளையும் ஐயாவையும் ஒரே நாளில் கைவிட்டவர் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார்.

"ஆளே இல்ல மேடம்," என்றார், டிபன் பாக்ஸைத் திறந்தபடி. "அங்க ஒரு முனியப்பன் கல்லு இருந்திருக்கும். பின்னாடி வந்தவங்க அதுக்கு ஒரு கதை கட்டி மனுஷனா ஆக்கிட்டாங்க."

"அப்படித்தான் நடந்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இல்லாததுக்கு எதுக்கு மேடம் ஆதாரம்? இருந்தாருன்னு சொல்றவங்கதான் காட்டணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. என் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் பெயர் எந்தக் கல்வெட்டிலும் கிடையாது. அதற்காக அவர் பிறக்கவே இல்லை என்று சொல்ல முடியுமா? மானாவாரிக் காட்டில் கம்பு விதைத்தவர்களைப் பற்றி எவனும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காதவர்கள்தான் இந்த மண்ணில் அதிகம். ஐயா அவர்களில் ஒருவராக இருந்திருந்தால், ஆதாரம் இல்லாதது எதையும் நிரூபிக்காது. இருந்தார் என்பதையும் நிரூபிக்காது. இதை அவரிடம் சொன்னேன். "அப்ப எப்படிப் பார்த்தாலும் நீங்க தோக்கமாட்டீங்க," என்று சிரித்தார்.

முதலில் பாட்டுகளை எடுத்தேன். ஐயாவே பாடியதாக மடத்தில் ஒரு பாட்டுத் தொகுப்பு அச்சிட்டு விற்கிறார்கள். சின்ன வயதில் மனப்பாடம் செய்தவைதான். ஆனால் இந்த முறை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தேன். நாங்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடும் ஒரு பாட்டில், குச்சிக்கிழங்கைச் சுட்டுத் தின்று குருவடியை நினைத்திரு என்று வருகிறது. படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளி கடல் தாண்டி வந்த பயிர். எங்கள் பக்கத்துக் காடுகளில் அது பரவி ஜவ்வரிசி ஆலைகள் வந்ததெல்லாம் மிகச் சமீபத்திய கதை. ஐயா பல நூறு வருஷத்துக்கு முந்தியவர் என்றால் அந்தப் பாட்டு அவருடையது இல்லை. பாட்டு அவருடையதுதான் என்றால் அவர் அவ்வளவு பழையவர் இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். "கெழங்குன்னு ஒரு வார்த்தைக்காகப் பாட்டையே இல்லீங்கறயா?" என்றார்.

"பாட்டு இல்லைன்னு சொல்லலீங்கண்ணா. அதைப் பாடினது ஐயா இல்லைங்கறேன். பின்னால வந்த பக்தர் யாராவது ஐயா பேர்ல பாடியிருப்பாங்க."

"நீ இப்படிச் சொல்றேன்னு வெளிய தெரிஞ்சா அமாவாசைக்கு எவன் வந்து பாடுவான்?"

வேதியியல்காரருக்கோ கொண்டாட்டம். "கிழங்கு மாட்டிக்கிச்சு பாத்தீங்களா," என்று வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் சொன்னார். ஒரு பாட்டு பிற்காலத்தது என்பதால் அந்த மனிதரே பொய் ஆகிவிடமாட்டார் என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. ஒருவருக்கு எல்லாமே உண்மையாக இருக்க வேண்டும், இன்னொருவருக்கு எல்லாமே பொய்யாக இருக்க வேண்டும். நான் நின்ற இடத்தில் எனக்குத் துணைக்கு யாரும் இல்லை.

ஆனாலும் எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல ஆதாரம் அவர் வாயிலிருந்துதான் வந்தது, அதுவும் கேலியாக. "எங்க ஊர்ப் பக்கம் ஒரு குடும்பம் இருக்குது மேடம். மடத்துச் சோறே சாப்பிடமாட்டாங்க. ஐயா அவங்க மாப்பிள்ளையாம்."

ஒரு சனிக்கிழமை அவரையே கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆத்தூரிலிருந்து உள்ளே தள்ளி, கிழங்குக் காடுகளுக்கு நடுவே நாலைந்து ஓட்டு வீடுகள். எங்களிடம் பேசியவர் ஐம்பது வயது விவசாயி. மோட்டார் கொட்டகை வாசலில் கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னார். நான் மடத்துக் குடும்பம் என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"எங்க ஊட்டுப் பொண்ணக் கட்டி, கைக்கொழந்தையோட வுட்டுட்டு ராத்திரியில ஓடிப்போனவன். அவனுக்குப் போய்க் கும்புடு போடச் சொல்றீங்களா?"

"எப்போ நடந்ததுங்க இது?"

"அது யாருக்குத் தெரியும்? எங்க அப்பா சொன்னாரு, அவருக்கு அவங்க அப்பா சொன்னாரு. அந்த மடத்துல தண்ணி கூடக் குடிக்கக் கூடாதுன்னு சொல்லிவச்சிருக்காங்க."

அந்தப் பெண்ணின் பெயர் அவர்களுக்குத் தெரியவில்லை. குழந்தை என்ன ஆனது என்றும் தெரியவில்லை. கோபம் மட்டும் அப்படியே கை மாறி வந்திருக்கிறது. போன மாதம் நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். பக்தர்கள் குருவைப் புகழ்ந்து எதை வேண்டுமானாலும் சேர்ப்பார்கள். பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் விட்டு ஓடியவர் என்று யாரும் சேர்க்கமாட்டார்கள். இந்தக் குடும்பத்துக்கோ இதில் எந்த லாபமும் இல்லை, வெளியே சொன்னால் அவமானம்தான். முதல்முறையாக ஐயா எனக்கு ஒரு ஆளாகத் தெரிந்தார். பிடிக்காத ஆளாகத்தான். ஆனால் ஆள்.

திரும்பி வரும்போது பஸ் வாழப்பாடியைத் தாண்டியது. வேதியியல்காரர், "மடத்துக் கதையைக் கேட்டுக் கேட்டு இவங்களா ஒரு சண்டையை உண்டாக்கியிருக்கலாம் இல்லையா?" என்றார்.

உண்டாக்கியிருக்கலாம்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அண்ணனின் பதில் இன்னும் சுருக்கமாக இருந்தது. "ஐயாவுக்குப் பொண்டாட்டியா? இதெல்லாம் எழுதிப்போடாத." இருப்பதில் கனமான சாட்சி அதுதான் என்று விளக்கினேன். "கனமோ லேசோ, கல்லுல வராது," என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பலகைக்கல் நினைவுக்கு வந்தது. மடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கிடந்த நீளமான கல். நாங்கள் குழந்தைகளாக அதன்மேல் உட்கார்ந்து பனங்கிழங்கு தின்றிருக்கிறோம். அதில் எழுத்துகள் இருந்தன. பள்ளியில் எழுத்துக்கூட்டப் படித்த புதிதில் அந்தக் கோடுகளுக்குள் விரலை விட்டு ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மடத்துக்கு யாராவது நிலம் விட்டிருந்தால், குளம் வெட்டியிருந்தால், அப்படிப்பட்ட கல்லில்தான் எழுதியிருப்பார்கள். ஐயாவின் பெயர் இருந்தாலும் இருக்கும். எழுத்தின் அமைப்பை வைத்தே காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். இத்தனை நாள் இது எப்படித் தோன்றாமல் போனது என்று என்னையே திட்டிக்கொண்டு, விடிந்ததும் திருச்செங்கோடு பஸ்ஸைப் பிடித்தேன்.

வேப்பமரம் இல்லை. அந்த இடத்தில் டைல்ஸ் போட்டிருந்தது. அண்ணன் புதிதாகக் கட்டிய நுழைவாயில் வளைவின் கீழே நின்று யாருக்கோ போனில் டீசல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பலகைக்கல்லு எங்கீங்கண்ணா?"

"எந்தக் கல்லு?"

"வேப்பமரத்தடியில கெடந்ததே. எழுத்து இருந்ததே."

அவர் யோசித்தார். பிறகு சாதாரணமாகக் காலால் தரையைத் தட்டிக் காட்டினார். "இதுக்குள்ளதான் கெடக்குது. ஆர்ச்சுக்கு அஸ்திவாரம் தோண்டினப்ப கல்லுப் பத்தல. ஜேசிபிக்காரன் அதையும் ஒடச்சுத் தள்ளிப்போட்டான்."

"ஒடச்சா?"

"முழுசா எறங்கல அம்மிணி. நாலாப் பொளந்துதான் போட்டாங்க."

தலைக்கு மேலே வளைவில் சிமெண்டு மயில்கள் இரண்டு, பச்சையும் நீலமுமாக. வாய் திறந்தபோது எங்கள் குடும்பத்தில் பெண்கள் யாரும் அண்ணனிடம் பேசாத குரலில் பேசினேன். "ஐயா இருந்தாருன்னு சொல்றதுக்கு இந்தப் பூமியில ஒரே ஒரு சாட்சி இருந்துச்சு. அதையும் நீங்களே பொதச்சுப்போட்டீங்க. இப்ப வருஷம் கேக்கறீங்க."

"எழுத்துன்னு யாருக்குத் தெரியும்? ஏதோ கோடாட்டம் இருந்துது. நீ முன்னாலயே சொல்லியிருக்கோணும்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணன் முகம் கறுத்துப்போய், "ஐயாவே வேண்டாம்னு நெனச்சிருப்பாரு, அதான் அது போச்சு," என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தப் பதிலுக்கு நான் என்ன செய்ய முடியும்? எதையும் மூடிவிடக்கூடிய பதில் அது.

வேதியியல்காரரிடம் சொன்னபோது அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அதுல என்ன எழுதியிருந்துச்சு மேடம்?"

"தெரியாது. அந்த எழுத்தைப் படிக்கற வயசில்லை."

"எழுத்துதான்னு நிச்சயமாத் தெரியுமா?"

"நான் பாத்தேன் சார். விரலால தொட்டிருக்கேன்."

"ஐயா ஊத்துக் காட்டினதைப் பாத்ததாச் சொன்னவங்களும் இதேதான் மேடம் சொல்லியிருப்பாங்க."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அன்று முழுக்க என்னால் பாடம் நடத்த முடியவில்லை. ஆறு வயதுப் பெண்ணின் நினைவு. வேறு யாராவது என்னிடம் கொண்டுவந்திருந்தால் ஒதுக்கித் தள்ளியிருப்பேன். ஆனால் என் விரலுக்கு அது தெரியும். தெரியும் என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்பதும் எனக்கே தெரியும்.

கடைசியில் அண்ணன் மனைவி, எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் நங்கையா என்று கூப்பிடுபவர், ஒரு போட்டோவைத் தேடி எடுத்து அனுப்பினார். அண்ணனுக்குத் தெரியாமல்தான். என்னுடைய காதுகுத்து மடத்தில் நடந்தபோது எடுத்தது. கறுப்பு வெள்ளை. மாமா மடியில் நான் அழுதுகொண்டிருக்கிறேன், வெற்றிலைத் தட்டு, பின்னால் வேப்பமரம், மரத்தடியில் பலகைக்கல். கல்லின் மேல் என் அத்தை உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பட்டுச்சேலை விசிறி மாதிரி விரிந்து கல்லின் முகத்தை மூடியிருக்கிறது.

சேலைக்கு வெளியே ஒரு ஓரம் மட்டும் தெரிந்தது. கல்லூரிக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்துதான். என் விரல் பொய் சொல்லவில்லை. வேதியியல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் ஒத்துக்கொண்டார். வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒரு வாரம் பார்த்து, அந்த ஓரத்தில் இருந்ததைப் படித்தேன். 'டிகளுக்கு.' அதற்கு முந்தைய எழுத்து அத்தையின் சேலை ஓரத்துக்கு அடியில் இருக்கிறது.

'அடிகளுக்கு' என்றால், துறவியான ஒருவருக்கு யாரோ எதையோ கொடுத்திருக்கிறார்கள். ஐயா இருந்தார் என்பதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? 'குடிகளுக்கு' என்றால் ஊர் ஜனங்களுக்கு ஏதோ வரியைக் குறைத்த செய்தி. ஐயாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரே ஒரு எழுத்துதான். அத்தை ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தால் போதும். அத்தை இறந்து வெகுகாலம் ஆகிறது. அவர்மேல் எனக்கு அப்போது வந்த கோபத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நான் ஒரு பக்கம் எழுதி அண்ணனுக்குக் கொடுத்தேன். ஐயா என்று பின்னால் அழைக்கப்பட்ட ஒருவர் இந்தப் பகுதியில் சில தலைமுறைகளுக்கு முன் வாழ்ந்திருக்கலாம். ஆத்தூர்ப் பக்கம் மணம் முடித்து, குடும்பத்தை விட்டு இங்கு வந்தவராக இருக்கலாம். எல்லாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்த வழக்கம் அவரிடமிருந்து தொடங்கியிருக்கலாம். காலம் சொல்ல இப்போது ஆதாரம் இல்லை. இவ்வளவுதான் என்னால் நேர்மையாக எழுத முடிந்தது.

அண்ணன் சேலத்துக்கே வந்து, என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதைப் படித்தார். முகத்தில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"லாம், லாம், லாம். எல்லாத்துக்கும் ஒரு லாம் போட்டு வெச்சிருக்கே. உன்ற மனசுல ஐயா இருந்தாரா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"இருந்தாருன்னுதான் நினைக்கறேன்."

"அப்ப அதை எழுது."

"நினைக்கறதை எழுத முடியாதுங்கண்ணா. தெரிஞ்சதைத்தான் எழுதமுடியும்."

காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "ரிக்கு வெச்சிருக்கறவனுக்கே இது புரியல. காட்டுல வேலை செய்யறவங்களுக்கு என்னத்தச் சொல்றது?"

குடமுழுக்கு நாளன்று போனேன். போகாமல் இருந்திருக்கலாம், மனசு கேட்கவில்லை. புதுச் சுவரில் கருங்கல் பளபளத்தது. வருஷம் போட்டிருந்தார்கள், மாதமும் நட்சத்திரமும்கூட. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவர் ஐயா. கீழே கடைசி வரியில், வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரின் ஆய்வில் உறுதிசெய்யப்பட்டது என்று பொறித்திருந்தது. பெயர் இல்லை. ஆனால் எங்கள் கூட்டத்தில் வரலாற்றுப் பேராசிரியர் வேறு யாரும் கிடையாது.

அண்ணனைத் தனியே கூப்பிட்டு, அந்த வரியை எடுக்காவிட்டால் இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றேன். "வருஷம்?" என்றார். "வருஷம் உங்களுது. என்ன வேணும்னாலும் போட்டுக்குங்க. அந்த வரி என்னுது." பந்தியில் என் பக்கத்தில் அவர் உட்காரவில்லை. ஆனால் சொன்னதைச் செய்தார். அடுத்த வாரமே ஆள் வைத்து அந்த வரியை உளியால் கொத்தி எடுத்துவிட்டதாக நங்கையா போனில் சொன்னார்.

சில மாதம் கழித்து ஒரு அமாவாசைக்குப் போனபோது அந்த இடத்தைப் பார்த்தேன். பளபளப்பான கல்லில் கடைசியில் மட்டும் சொரசொரப்பான ஒரு பட்டை. அதில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது. ஒரு பெண் கையால் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இந்த எடத்துல என்னங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"ஐயா கைப்பட எழுதினதுங்க. நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது."

"இல்லீங்க. அங்க என்னைப் பத்தி ஒரு வரி இருந்துச்சு. நான்தான் அழிக்கச் சொன்னேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை. சிரித்து, "அப்படீங்களா," என்று சொல்லி, விரலில் மிச்சமிருந்த குங்குமத்தை என் நெற்றியில் வைத்துவிட்டுப் போனார்.

சேலம் திரும்பியதும் நடந்ததை நடந்தபடி எழுதினேன். கல் எங்கே புதைந்தது, போட்டோவில் எது தெரிகிறது எது தெரியவில்லை, சுவரில் எந்த வரி ஏன் கொத்தப்பட்டது, எல்லாவற்றையும். போட்டோவின் பிரதியோடு சேர்த்துக் கல்லூரி நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். வேதியியல்காரர் தவிர வேறு யாரும் இதுவரை வாங்கிப் படிக்கவில்லை. அவரும் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுத்தான் திருப்பி வைத்திருக்கிறார்.